பிறர் விடும் புகையில் வேலை செய்வோர்

கனடாவின் ஒட்டாவா நகரில் ஹெதர் க்ரோ என்ற பெண்மணி நாற்பது ஆண்டுகள் உணவகங்களில் பரிமாறும் வேலை பார்த்தார். வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை. 2002-ல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவர் வேலை பார்த்த கூடங்களில் வாடிக்கையாளர்கள் விட்ட புகை மண்டிக் கிடந்த காலம் அது. ஒன்டாரியோ மாகாணத்தின் தொழிலாளர் இழப்பீட்டு வாரியத்திடம் மனுக் கொடுத்தார். வேலையிடத்துப் புகையால் வந்த நோய்தான் என்று வாரியம் ஏற்றுக்கொண்டது. தனக்கு நேர்ந்தது இன்னொரு பரிமாறுபவருக்கு நேரக் கூடாது என்று மிச்சமிருந்த காலத்தில் நாடு முழுக்கப் போய்ப் பேசினார். கனடா அரசின் விளம்பரப் படத்திலும் தோன்றினார். 2006 மே 22 அன்று இறந்தார். ஒன்டாரியோவில் மூடிய வேலையிடங்களில் புகைக்கத் தடை விதித்த சட்டம் மே 31 அன்று நடைமுறைக்கு வந்தது.

பொது இடத்தில் புகைப்பதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் வாடிக்கையாளரையும் பயணியையும்தான் நினைக்கிறோம். பக்கத்து மேசைக்காரர் புகைத்தால் நமக்கு மூச்சு முட்டுகிறது, குழந்தை இருமுகிறது என்கிறோம். ஆனால் வாடிக்கையாளர் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போவார். பரிமாறுபவருக்கும் கல்லாவில் இருப்பவருக்கும் மேசை துடைக்கும் பையனுக்கும் அந்த வழி கிடையாது. எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ அதே காற்றுதான், மறுநாளும் அதேதான். புகைத் தடையைப் பொது ஒழுங்கு விஷயமாக மட்டும் நடத்திய இடங்களில் சட்டம் தடுமாறியிருக்கிறது. தொழிலாளர் பாதுகாப்பாக நடத்திய இடங்களில் ஊன்றி நின்றிருக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டு அறிவியலையும் வழக்குகளையும் சட்டங்களையும் தொகுத்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு இதுதான்.

புகை உடலில் செய்வது

அறைக் காற்றில் சேரும் சிகரெட் புகை இரண்டு வகை. புகைப்பவர் இழுத்து வெளியே விடுவது ஒன்று. இரண்டு இழுப்புக்கு நடுவே சிகரெட்டின் நுனி தானாகக் கனன்று விடுவது மற்றொன்று. அறையில் பெரும்பங்கு சேர்வது இந்த இரண்டாவது வகைதான். குறைந்த வெப்பத்தில் எரிந்து, ஃபில்டரைக் கடக்காமல் நேராகக் காற்றில் கலப்பதால் சில நச்சுப்பொருள்கள் இதில் கூடுதலாகவே இருக்கின்றன. புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஆர்சனிக் உட்பட ஏறத்தாழ 70 புற்றுநோய் உண்டாக்குபவை.

புற்றுநோய் ஆண்டுக்கணக்கில் வளர்வது. இதயத்தின் மீதான தாக்குதல் நிமிடக்கணக்கில் தொடங்கிவிடுகிறது. 2001-ல் ஜப்பானின் ஒசாகா ஆய்வாளர்கள், புகைப்பழக்கம் இல்லாத இளைஞர்களை அரை மணி நேரம் புகை நிறைந்த அறையில் உட்காரவைத்துப் பரிசோதித்தார்கள். தேவைப்படும்போது இதயத் தமனிகளில் ரத்த ஓட்டத்தைக் கூட்டிக்கொள்ளும் திறன், அந்த அரை மணியிலேயே வழக்கமாகப் புகைப்பவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் தன்மை கூடுகிறது. ரத்தக் குழாயின் உட்சுவர் தளரும் தன்மையை இழக்கிறது. இதய விஷயத்தில் சிறிய அளவுப் புகையே பெரிய கேட்டைச் செய்கிறது என்பதால்தான், பிறர் புகையைச் சுவாசிப்பவருக்கு இதய நோய் ஆபத்து 25 முதல் 30 சதவீதம் வரை கூடுகிறது என்ற கணக்கு வருகிறது.

யார் எவ்வளவு சுவாசித்தார் என்பதை அளக்கவும் வழி உண்டு. நிகோட்டின் உடலுக்குள் சென்று கொட்டினைன் என்ற பொருளாக மாறுகிறது. அது ரத்தத்திலும் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் தெரியும். தான் புகைப்பதே இல்லை என்று சொல்லும் மதுக்கூடப் பணியாளரின் உமிழ்நீரே அவர் வேலையிடத்துக் காற்றுக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது.

சான்று சேர்ந்த விதம்

வேலையிடப் புகையை நேரடியாக ஆராய்ந்த முதல் பெரிய ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்தது. ஒயிட், ஃப்ரோப் என்ற இரு ஆய்வாளர்கள் 2,100 பேரின் நுரையீரல் செயல்பாட்டை அளந்து 1980-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் புகை சூழ்ந்த அலுவலகங்களில் வேலை பார்த்த, புகைக்காதவர்களின் சிறிய மூச்சுக்குழல்கள், குறைவாகப் புகைப்பவர்களின் குழல்கள் அளவுக்குப் பழுதுபட்டிருந்தன. மறு ஆண்டே ஜப்பானின் தகேஷி ஹிராயாமா, 90,000-க்கும் மேற்பட்ட புகைக்காத மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆய்வு வந்தது. கணவர் எவ்வளவு அதிகம் புகைத்தாரோ அவ்வளவுக்கு மனைவியின் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறியது.

1986-ல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப் வெளியிட்ட அறிக்கை, பிறர் புகை புகைக்காதவருக்கு நோய் தருகிறது என்று தீர்மானமாகச் சொன்னது. 1993 ஜனவரியில் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பிறர் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகைப் பொருளாக அறிவித்தது. புகைக்காத அமெரிக்கர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பேர் இதனால் நுரையீரல் புற்றுநோய்க்குப் பலியாகிறார்கள் என்றும் மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் பின்னர் இதே முடிவுக்கு வந்தது.

இவற்றில் பல முடிவுகள் வீட்டுப் புகையிலிருந்து பெறப்பட்டவை. வேலையிடத்துக்கு அவை பொருந்துமா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக 2007-ல் 22 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு ஒன்று வெளியானது. வேலையிடத்தில் பிறர் புகையைச் சுவாசித்த தொழிலாளருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 24 சதவீதம் கூடுதல். மிக அதிகமாகப் புகைக்கு ஆளானவர்களுக்கு இரு மடங்கு. அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறுவதுதான் காரண காரியத் தொடர்புக்கு வலுவான அடையாளம்.

உலக அளவில் இந்தச் சுமையை முதன்முதலில் முழுமையாகக் கணக்கிட்ட ஆய்வு 2011-ல் வந்தது. 2004-ஆம் ஆண்டில் மட்டும் பிறர் புகையால் ஏறத்தாழ 6,03,000 பேர் இறந்தார்கள் என்றது அது. அவர்களில் 3,79,000 பேர் இதய நோயால் இறந்தவர்கள். நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 21,400 பேர். புகை என்றதும் நமக்குப் புற்றுநோய் நினைவுக்கு வருகிறது. உயிரை அதிகம் எடுப்பது இதய நோய்தான். பிந்தைய மதிப்பீடுகள் ஆண்டுக்குப் பத்து லட்சத்தையும் தாண்டிவிட்டன.

சந்தேகத்தை வளர்த்தவர்கள்

சான்று இவ்வளவு திரண்ட பிறகும் சட்டம் வர ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின? சிகரெட் நிறுவனங்கள் வளர்த்த சந்தேகம் ஒரு முக்கியமான காரணம். 1988-ல் அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் சேர்ந்து அறைக் காற்று ஆய்வுக்கென ஒரு மையத்தை நிறுவின. மாநில அரசுகளுடன் செய்துகொண்ட 1998 ஒப்பந்தத்தின்படி அதைக் கலைக்க வேண்டியிருந்தது. அதே 1998-ல் பார்ன்ஸ், பெரோ என்ற இரு ஆய்வாளர்கள் பிறர் புகை பற்றி வந்த 106 மதிப்புரைக் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்தார்கள். 37 சதவீதக் கட்டுரைகள் தீங்கில்லை என்று முடித்திருந்தன. அப்படி முடித்தவற்றில் 74 சதவீதம், சிகரெட் தொழிலோடு தொடர்புள்ளவர்கள் எழுதியவை. கட்டுரை எந்த முடிவுக்கு வந்தது என்பதை நிர்ணயித்த ஒரே காரணி எழுதியவரின் அந்தத் தொடர்புதான் என்று அவர்கள் கண்டார்கள்.

நீதிமன்றமும் களமாயிற்று. சுற்றுச்சூழல் முகமையின் அறிக்கையை எதிர்த்துச் சிகரெட் நிறுவனங்கள் போட்ட வழக்கில், 1998-ல் கீழ் நீதிமன்றம் அறிக்கையின் முக்கியமான பகுதிகளை ரத்து செய்தது. 2002-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பே ரத்தானது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் தடையை எதிர்த்தவர்கள் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. அத்தனை நாளும் அந்தக் காற்றில் நின்று வேலை செய்தவர்களின் நுரையீரல்தான் தாமதத்துக்கு விலை கொடுத்தது.

நீதிமன்றம் போன தொழிலாளர்கள்

வேலையிடத்துப் புகைத் தடைக்கு முதல் அடியைத் தொழிலாளர்கள்தான் எடுத்துவைத்தார்கள். டோனா ஷிம்ப், அமெரிக்காவின் நியூஜெர்சி பெல் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சக ஊழியர்களின் புகை அவர் உடம்புக்குக் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை. நிறுவனம் எதுவும் செய்யாததால் வழக்குப் போட்டார். 1976-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது: பாதுகாப்பான வேலையிடத்தைத் தருவது முதலாளியின் கடமை, ஆகவே வேலை செய்யும் பகுதியில் புகைக்கத் தடை விதிக்க வேண்டும். தொலைபேசி இயந்திரங்கள் பழுதாகும் என்பதற்காக அவை இருந்த பகுதியில் அதே நிறுவனம் ஏற்கெனவே புகைக்கத் தடை போட்டிருந்தது. இயந்திரத்துக்குக் காட்டிய அக்கறையை மனிதருக்கும் காட்ட வேண்டும் என்றார் நீதிபதி. இந்தக் கட்டுரையின் வாதத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அடுத்து வந்தவர்கள் விமானப் பணிப்பெண்கள். பழைய விமானங்களில் புகைப்போருக்குத் தனி வரிசைகள் இருந்தன. ஆனால் மூடிய விமானத்துக்குள் காற்று ஒன்றுதான். புகைப்பழக்கமே இல்லாத நோர்மா ப்ரோய்ன் என்ற பணிப்பெண்ணுக்கு 32 வயதில் நுரையீரல் புற்றுநோய் வந்தது. 1991-ல் அவரும் மற்றவர்களும் மயாமியில் சிகரெட் நிறுவனங்கள் மீது போட்ட வழக்கு ஆயிரக்கணக்கான பணிப்பெண்கள் சார்பான வழக்காக விரிந்தது. 1997-ல் 30 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அந்தப் பணத்தில் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை ஒன்று உருவானது. அமெரிக்காவில் 1988-ல் இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட உள்நாட்டு விமானங்களிலும், 1990-ல் ஆறு மணி நேரத்துக்கு உட்பட்டவற்றிலும் தடை வந்தது. பணிப்பெண்களின் சங்கங்கள் விடாமல் கேட்டதற்கு அதில் பெரும்பங்கு உண்டு. இன்று நாம் விமானத்தில் சுவாசிக்கும் காற்றுக்காக அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

சட்டம் வந்த பிறகு

கலிஃபோர்னியா மாநிலம் 1995-ல் வேலையிடங்களிலும் 1998 ஜனவரி 1 முதல் மதுக்கூடங்களிலும் புகைக்கத் தடை விதித்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 53 மதுக்கூடப் பணியாளர்களைத் தடைக்கு முன்பும் பின்பும் ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். முன்பு இருமல், சளி, இளைப்பு என்று சொன்னவர்கள் 39 பேர். சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 23 பேருக்கு அந்தத் தொல்லைகள் இல்லை. மருந்து மாத்திரை எதுவும் தராமல் காற்றை மட்டும் மாற்றியதில் கிடைத்த பலன் இது.

நாடு முழுவதற்குமான முழுத் தடையை முதலில் கொண்டுவந்தது அயர்லாந்து. 2004 மார்ச் 29 அன்று, மதுக்கூடங்கள் உட்பட மூடிய வேலையிடங்கள் எல்லாவற்றிலும் தடை அமலானது. பப் என்பது ஐரிஷ் ஊர்களின் கூடுமிடம். அங்கே இது நடக்கவே நடக்காது என்றவர்கள் ஏராளம். சுகாதார அமைச்சர் மிஹால் மார்ட்டின் இதைத் தொடக்கம் முதலே ஊழியர் நலச் சட்டமாக முன்வைத்தார். மீறினால் அபராதம் 3,000 யூரோ வரை. புகைத்தவர் மட்டுமின்றி இடத்தை நடத்துபவரும் குற்றவாளி. முதல் ஆண்டிலேயே, சோதனையிட்ட வேலையிடங்களில் 94 சதவீதம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருந்தன. புகைக்காத மதுக்கூடப் பணியாளர்களின் உமிழ்நீரில் கொட்டினைன் அளவு 80 சதவீதம் இறங்கியது. அப்போது தடை வந்திராத, எல்லையைத் தாண்டிய வட அயர்லாந்தில் இறங்கியது 20 சதவீதம்தான். ஒரே பண்பாடு, ஒரே வகைப் பப், நடுவே ஒரு சட்டம்; வித்தியாசம் கண்ணுக்கு நேரே தெரிந்தது.

ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் தடை வந்தது. ஒன்பது மருத்துவமனைகளில் மாரடைப்பு போன்ற திடீர் இதய நோய்களுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் அடுத்த பத்து மாதங்களில் 17 சதவீதம் குறைந்தார்கள். அப்போது தடை இல்லாத இங்கிலாந்தில் அதே காலத்தில் குறைவு 4 சதவீதம். ஸ்காட்லாந்தில் ஒருபோதும் புகைக்காதவர்களிடையே குறைவு 21 சதவீதம் என்பதைக் கவனிக்க வேண்டும். இதய ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு உறுதியானவை என்று சொல்ல மாட்டேன். 2002-ல் அமெரிக்காவின் ஹெலினா என்ற சிறு நகரத்தில் ஆறு மாதத் தடையின்போது மாரடைப்பு அனுமதிகள் 40 சதவீதம் குறைந்தன என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் எண்ணிக்கையில் அது 40-லிருந்து 24 ஆனதுதான். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலுக்கும் இடம் உண்டு. பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் குறைவு அந்த அளவுக்கு இல்லை. இருந்தாலும் திசை மாறவில்லை. அமெரிக்க மருத்துவக் கழகத்தின் நிபுணர் குழு 2009-ல் எல்லாவற்றையும் எடைபோட்டு, தடைக்கும் மாரடைப்புக் குறைவுக்கும் காரணத் தொடர்பு உண்டு என்றே முடிவு செய்தது.

பாதித் தடை யாரைக் கைவிடுகிறது

முழுத் தடைக்கு எதிராக எப்போதும் முன்வைக்கப்படும் மாற்று, தனி அறையும் காற்றோட்ட வசதியும். மின்விசிறியும் காற்று வடிகட்டியும் வாசத்தைக் குறைக்கும். நுண் துகள்களையும் வாயுக்களையும் பாதுகாப்பான அளவுக்குக் குறைக்காது. கட்டடக் காற்றோட்டத்துக்கு விதிகள் வகுக்கும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமே, உள்ளே புகைக்காமலிருப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று 2005-ல் கூறிவிட்டது. 2006-ல் வந்த அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கையும் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் எட்டாம் பிரிவுக்கு 2007-ல் வகுத்த வழிகாட்டு நெறிகளும் நூறு சதவீதத் தடையைத்தான் கேட்கின்றன. தனி அறை கட்டினாலும் அதற்குள் போய்ச் சாம்பல் கிண்ணத்தை எடுத்துவருவது ஒரு தொழிலாளிதானே?

ஸ்பெயின் இதைப் பட்டறிந்தது. 2006-ல் வந்த சட்டம் அலுவலகங்களில் முழுத் தடை விதித்து, 100 சதுர மீட்டருக்கு உட்பட்ட மதுக்கூடங்கள், உணவகங்களின் விருப்பத்துக்கு விட்டது. கிட்டத்தட்ட எல்லாமே புகைக்க அனுமதிப்பதையே தேர்ந்தெடுத்தன. அலுவலக ஊழியர் காப்பாற்றப்பட்டார், பரிமாறுபவர் கைவிடப்பட்டார். ஐந்தாண்டுகள் கழித்து, 2011 ஜனவரியில், சட்டத்தை மாற்றி முழுத் தடை கொண்டுவந்தார்கள்.

நியூஜெர்சியில் 2006-ல் வந்த சட்டம் சூதாட்ட விடுதிகளின் ஆட்டக் கூடங்களுக்கு விலக்கு அளித்தது. அட்லாண்டிக் சிட்டியில் சீட்டுப் பகிரும் ஊழியர் மேசையை விட்டு நகர முடியாது. ஆடுபவர் முகத்துக்கு நேரே புகை விடுவார். அந்த ஊழியர்களின் சங்கம் விலக்கை எதிர்த்து 2024-ல் வழக்குத் தொடுத்தது. அந்த ஆகஸ்டில் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததால் மேல்முறையீட்டுக்குப் போனது. ஷிம்ப் தீர்ப்பு வந்த அதே மாநிலம் இது.

இதற்கு நேர்மாறான பாடத்தை டோக்கியோ தருகிறது. ஜப்பானின் தேசியச் சட்டம், ஏற்கெனவே இயங்கிவந்த சிறிய உணவகங்களுக்குப் பரப்பளவை வைத்து விலக்கு தந்தது. டோக்கியோ மாநகர் 2018-ல் இயற்றிய தனிச் சட்டம் வேறு கேள்வி கேட்டது: இந்தக் கடையில் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறாரா? ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் கடை எவ்வளவு சிறியதானாலும், தனிப் புகையறையைத் தவிர உள்ளே வேறெங்கும் புகைக்க முடியாது. சட்டத்தை எங்கே ஊன்ற வேண்டும் என்பதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இது.

இந்தியாவில் நடந்ததும் நடக்காததும்

இந்தியாவில் பாதை நீதிமன்றத்தில் தொடங்கியது. 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது பிறரின் வாழும் உரிமையைப் பறிக்கிறது என்று தீர்ப்பளித்தது. 2001 நவம்பரில் அரசியல்வாதி முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம், அரசு அலுவலகம், ரயில், பேருந்து ஆகியவற்றில் புகைக்கத் தடை விதித்தது. 2003-ல் நாடாளுமன்றம் புகையிலைப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, பொது இடங்களில் புகைத் தடை விதிகள் அமலுக்கு வந்தன. வேலையிடங்களும் பொது இடங்களே என்று அந்த விதிகள் தெளிவாகச் சொன்னது பெரிய முன்னேற்றம்.

விதிகளைப் படித்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. வாசலில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். புகார் யாரிடம் சொல்வது என்று அதில் பெயர் இருக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் வைக்கக் கூடாது. உணவகம் என்ற சொல்லுக்குள் கேன்டீன், காபிக் கடை, மதுக்கூடம் எல்லாம் அடக்கம். கடையைச் சுற்றியுள்ள திறந்த இடமும் அடக்கம். ஆனால் 30 அறைகளுக்குக் குறையாத விடுதிகளும் 30 இருக்கைகளுக்குக் குறையாத உணவகங்களும் விமான நிலையங்களும் தனிப் புகையிடம் வைத்துக்கொள்ளலாம் என்று தாய்ச் சட்டமே அனுமதித்துவிட்டது. இலங்கை 2006-ல் இயற்றிய சட்டமும் ஏறத்தாழ இதே விலக்குகளை வைத்திருக்கிறது. 2017-ல் இந்திய விதிகளைத் திருத்தி, புகையிடத்துக்குள் எந்தச் சேவையும் கூடாது என்றார்கள். ஊழியரை உள்ளே அனுப்பக் கூடாது என்பதே அதன் நடைமுறைப் பொருள். தனிப் புகையிடத்தையே ஒழிக்கும் திருத்த வரைவு மக்கள் கருத்துக்காக வெளியானதோடு நின்றுவிட்டது.

பலன் என்ன? மத்திய அரசு இருமுறை நடத்திய உலகப் புகையிலைக் கணக்கெடுப்பு விடை தருகிறது. 2009-10-ல் வீட்டில் பிறர் புகைக்கு ஆளானவர்கள் 52.3 சதவீதம், 2016-17-ல் 38.7 சதவீதம். வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சட்டம் உள்ள இடம் வேலையிடம். அங்கே, கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களில் புகைக்கு ஆளானவர்கள் முன்பு 29.9 சதவீதம், ஏழாண்டுகள் கழித்து 30.2 சதவீதம். சட்டமே இல்லாத வீட்டில் காற்று தெளிந்திருக்கிறது. சட்டம் உள்ள வேலையிடத்தில் அசையவே இல்லை.

காரணத்தை விதிகளின் அமைப்பிலேயே காணலாம் என்று கருதுகிறேன். அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். அதை வசூலிக்கும் அதிகாரம் தனியார் அலுவலகத்தில் அந்த அலுவலகத்தின் நிர்வாகியிடமே தரப்பட்டிருக்கிறது. தவறு நடக்க விட்டவரும் தண்டிக்க வேண்டியவரும் ஒருவரே என்றால், ஊழியர் யாரிடம் போவார்? பலகையில் எழுதியிருக்கும் பெயர் முதலாளியின் பெயர். சம்பளம் தருபவரிடமே அவர் கடையைப் பற்றிப் புகார் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்? தொழிலாளர் துறையின் அன்றாட ஆய்வில் புகை ஒரு பொருளாகவே இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் உற்பத்தியில் எழும் தூசையும் புகையையும் கட்டுப்படுத்தச் சொன்னது. பக்கத்து ஆள் விடும் புகை அதன் கண்ணில் படவில்லை.

டீக்கடையும் பாரும் லாரியும்

தமிழ்நாட்டில் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு டீக்கடையைப் பாருங்கள். கடையின் ஓரத்திலேயே பெட்டிக்கடை. தூணில் கட்டித் தொங்கும் கயிற்றின் நுனியில் நாள் முழுக்கக் கனல். வருபவர் குனிந்து அதில் பற்றவைத்துக்கொள்கிறார். ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் சிகரெட். தாழ்ந்த தகரக் கூரைக்குக் கீழே, வெளியே போக வழியில்லாமல் புகை நிற்கிறது. விடியற்காலையில் பாய்லரைப் பற்றவைத்த மாஸ்டர் அங்கேயேதான் நிற்கிறார். கிளாஸ் கழுவுபவரும் வடை போடும் அம்மாவும் அங்கேயேதான். தீப்பெட்டிகூட வைக்கக் கூடாது என்கிறது விதி.

பாரில் நிலைமை இன்னும் மோசம். மதியம் திறந்து இரவு வரை மூடிய கொட்டகை. ஜன்னல் இருந்தாலும் சாத்தியிருக்கும். சப்ளையர் சைடு டிஷ் தட்டோடு மேசைக்கு மேசை போகிறார். சம்பளம் சொற்பம், மிச்சம் டிப்ஸ். வாடிக்கையாளரைப் பார்த்து வெளியே போய்ப் புகையுங்கள் என்று அவர் எப்படிச் சொல்வார்? லாரிக்கு வந்தால், 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். ஓட்டுநர்களின் நெடுநாள் கோரிக்கை அது, நல்ல மாற்றமும்கூட. ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்ட கேபினுக்குள் ஓட்டுநர் பற்றவைத்தால் கிளீனருக்கு அந்தக் காற்று மட்டும்தான். கணக்கெடுப்பின் வேலையிடக் கேள்வி கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களைப் பற்றியது. கிளீனர் அந்த 30.2 சதவீதத்துக்குள் வரவே இல்லை.

மறுப்புகளும் செய்ய வேண்டியதும்

வியாபாரம் படுத்துவிடும் என்பது எல்லா நாட்டிலும் எழுந்த அச்சம். 2003-ல் ஸ்கோலோ என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் இது பற்றிய 97 ஆய்வுகளை அலசினார்கள். விற்பனைப் பதிவுகளையும் வரித் தரவுகளையும் வைத்து ஒழுங்காகச் செய்த ஆய்வுகள் எதிலும் பாதிப்பு தெரியவில்லை. பாதிப்பு உண்டு என்றவை பெரும்பாலும் சிகரெட் தொழிலின் பணத்தில் நடந்தவை. புகைப்பவரின் சுதந்திரம் என்ற வாதமும் நிற்காது. தடை அவரைப் புகைக்காதே என்று சொல்லவில்லை. இன்னொருவர் வேலை செய்யும் காற்றில் புகைக்காதே என்கிறது. அவருக்கும் அதில் நன்மை உண்டு: முழுத் தடை உள்ள வேலையிடங்களில் புகைப்போர் விகிதம் 3.8 சதவீதப் புள்ளி குறைவதாகவும், விடாதவர்கள்கூட நாளுக்கு மூன்று சிகரெட் குறைத்துக்கொள்வதாகவும் 2002-ல் வந்த தொகுப்பாய்வு காட்டியது.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. 30 அறை, 30 இருக்கை விலக்கை நீக்க வேண்டும். பொறுப்பைப் புகைப்பவரின் 200 ரூபாயிலிருந்து இடத்தை நடத்துபவரின் உரிமத்துக்கு மாற்ற வேண்டும். பாருக்கும் உணவகத்துக்கும் உரிமம் தருவதும் புதுப்பிப்பதும் அரசின் கையில்தான் இருக்கிறது, புகையில்லாக் காற்று அதற்கு நிபந்தனையாகட்டும். தொழிலாளர் துறை ஆய்வாளரின் பட்டியலில் புகை இடம்பெற வேண்டும். பெயர் வெளிவராமல் ஊழியர் புகார் தர முதலாளிக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். பிறர் புகையால் வந்த நோய், தொழில் நோயாக இழப்பீட்டுக்குத் தகுதி பெற வேண்டும். புகைப்பழக்கத்தை விட விரும்பும் தொழிலாளிக்கு உதவி வேலையிடத்திலேயே கிடைக்க வேண்டும்.

இதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. கல்நார்த் தொழிலாளர்களின் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. கல்நார்த் தூசும் சிகரெட் புகையும் சர்வதேசப் புற்றுநோய் முகமையின் பட்டியலில் ஒரே வகுப்பில் இருக்கின்றன. ஆலைக்குள் தூசைச் சுவாசிப்பவருக்குக் கிடைத்த அந்த உரிமை, பாரில் தட்டு ஏந்துபவருக்கும் டீக்கடையில் கிளாஸ் கழுவுபவருக்கும் லாரியில் கிளீனருக்கும் உண்டு. சட்டத்தைச் செயல்படுத்துபவர்கள் கடைக்குள் நுழையும்போது புகைப்பவரைத் தேடுவதற்கு முன், அங்கே சம்பளத்துக்கு நிற்பவர் யார் என்று கேட்கத் தொடங்கட்டும். மற்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதிலிருந்தே வரும்.